ஆறு மணி மூச்சு

நான் ஒழுங்கான மனிதன். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு வியாதியைச் சொல்வதைப் போலத்தான் சொல்கிறேன். செருப்பைச் சுவரோடு ஒட்டி நேராக வைப்பேன். மழை பெய்தால் எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று டயறியில் எழுதுவேன். (பெய்யாவிட்டால் "மழை இல்லை" என்று எழுதுவேன்.) இந்தக் குணத்தால் உலகத்துக்கு ஒரு நன்மையும் நடந்ததில்லை. ஒரு கல்லறைத் தோட்டத்தில் பேய் குடியேறியதுதான் மிச்சம்.

மாத்தளை மாவட்டத்தில் காற்றைக் கெடுக்கும் புகை எங்கெங்கிருந்து வருகிறது என்று அளக்கும் வேலையில் அப்போது இருந்தேன். அரிசி ஆலை, செங்கல் சூளை, தேயிலைத் தொழிற்சாலை, கண்டி வீதியில் ஓடும் லொறி என்று ஒவ்வொன்றும் எவ்வளவு கக்குகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். யட்டவத்தப் பக்கம் முடித்துவிட்டு, பலாபத்வலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிறிய கிராமத்துக்கு வந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு சுண்ணாம்புச் சூளை. (எங்கள் ஆட்கள் போறணை என்பார்கள்.) அதன் முதலாளி மரியதாஸ். அவருடைய மகள் ஜெசிந்தாவைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

இதை அன்றைக்கே மேலதிகாரி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். வேறு ஆளை அனுப்புவார் என்று நினைத்தேன். "வேறு ஆள் இல்லை. நீங்கள்தான் ஒழுங்கானவர் ஆயிற்றே, போங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

காற்றை உறிஞ்சி அதிலுள்ள தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடிக்கும் இயந்திரம் எங்களிடம் இருந்தது. புகை எந்த நேரத்தில் கூடுகிறது, குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு சிறு கருவியும் அதோடு சேர்ந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்பதற்குச் சட்டம் உண்டு. வீதிக்கு ஒதுக்காக இருக்க வேண்டும். மேலே மரம் கூடாது. பக்கத்தில் அடுப்பு எரியவே கூடாது. ஊரை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன். யாரும் சமைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்லறைத் தோட்டம்.

பங்குச் சுவாமி சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். பக்கத்துச் சிற்றாலயத்திலிருந்து வயர் இழுத்தேன். இயந்திரம் சாயாமல் நிற்க வேண்டும். கல்லறைகளோ ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. பாசி படிந்த ஒன்றில் மட்டும் ரசமட்டத்தின் குமிழி நடுவில் போய் நின்றது. அதன் நீளம், உயரம், வீதியிலிருந்து தூரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். தலைமாட்டில் செதுக்கியிருந்த பெயரை மட்டும் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

மாலை ஆறு மணிக்குத் தானாக ஓடத் தொடங்கி காலையில் நிற்கும்படி இயந்திரத்தைத் திருப்பி வைத்தேன். கோடு போடும் சிறு கருவி மட்டும் சத்தமில்லாமல் நாள் முழுக்க ஓடும். காலை பஸ்ஸில் வந்து, அது நிற்கும்முன் ஓட்டத்தைப் பார்த்து, தாளை மாற்றிக்கொண்டு போவேன். அப்போதெல்லாம் தேனீக்கூட்டைப் போல இதமாக ரீங்கரித்துக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் போறணை எரியும்போது அளப்பது. இரண்டாம் வாரம் அணைத்துவிட்டு அளப்பது. வித்தியாசம்தான் போறணையின் பங்கு. எரிகிற போறணையை அணைப்பது முதலாளிக்குப் பெரிய நஷ்டம். ஆனாலும் மரியதாஸ் யோசிக்கவில்லை. "அணைச்சுடுறேன் தம்பி. எங்ககிட்ட மறைக்க என்னா இருக்கு?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன ஒரு குடும்பத்தில் பெண் எடுக்கிறோம்!

இரண்டாம் வாரம் கருவியைத் திறந்து, கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆறு மணி வரை தட்டையாக ஓடிய கோடு, ஆறு தாண்டியதும் பனை மரம் போல நட்டுக்குத்தாக எழுந்து நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். முதல் வாரத்திலும் அது இருந்தது. போறணைப் புகை என்று நினைத்திருந்தேன். இப்போது போறணை அணைந்திருந்தது, கோடு இன்னும் உயரமாக எழுந்தது.

நேரே போறணைக்குப் போனேன். சுற்றியிருந்த மரங்கள் இலை இலையாகச் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக நின்றன. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. அடுப்பு வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. வலையை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். ஈரச் சாம்பல். குளிர்.

பஸ் நிற்கும் இடத்துக் கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேர், காலையில வர்றீங்க, போறீங்க, நல்லது. ஆறு மணிக்கு மேல அந்தப் பக்கம் நிக்காதீங்க" என்றார்.

"ஏன் அக்கா?"

"கல்லறையில யாரோ மூச்சு வாங்குறாங்க. நவம்பர் மாசம், உத்தரிக்கிற ஆத்துமாக்கள் அலையிற மாசம். நாங்க கதவ சாத்திக்கிறோம்."

அன்று டயறியில் எழுதினேன்: "மக்கள் கருத்து: மூச்சு. ஆய்வுக்குத் தொடர்பில்லை."

மிஸ்ஸுக்கு இதில் ஒரு மர்மமும் தெரியவில்லை. "பகலில் அணைக்கிறார், இருட்டியதும் எரிக்கிறார். அப்படியே எழுதுங்கள். போறணைக்கு அனுமதி ரத்தாகும். வெள்ளிக்கிழமை அறிக்கை என் மேசையில் இருக்கட்டும்" என்றார். நான் பெண் பார்க்கப் போனபோது பஜ்ஜி தின்ற வீட்டின் அடுப்பை நானே அணைக்க வேண்டும். சிலந்தி வலையைச் சொன்னால் "அதற்குப் படிவத்தில் இடமில்லை" என்பார், கருவியோ பொய் சொல்லாது.

அலுவலகப் பேச்சு எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. அன்று மாலையே ஜெசிந்தா போன் எடுத்தாள். "அப்பா களவா போறணைய எரிக்கிறாருன்னு எழுதப் போறீங்களாமே?"

"நான் எழுதல. கருவி எழுதுது."

"அப்ப கருவியையே கட்டிக்குங்க."

போன் வைக்கப்பட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த நேரத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் போய் இறங்கினேன். கடை பூட்டியிருந்தது. மலையிலிருந்து மூடுபனி இறங்கி, சிலுவைகளின் தலைகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கல்லறையின் மறைவில் குந்தினேன். (நான் விஞ்ஞான முறைப்படி கண்காணிக்க வந்தவன். வஹகோட்டை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டது தனி விஷயம்.)

ஆறு மணி. என் முன்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஹ்ஹ்... ஹா. பிறகு ஓர் இடைவெளி. மறுபடியும் ஹ்ஹ்... ஹா. நெஞ்சுச் சளி கரகரக்கும், முடியாத கிழவன் ஒருவனின் மூச்சு. இயந்திரம் நின்ற கல்லறைக்குள்ளிருந்துதான் வந்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. காலையில் தேனீ போல ஓடும் என் மோட்டார்தான், ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் கரண்ட் குறைந்து திணறுகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் வைத்த இயந்திரம், நான் திருப்பிய நேரம். நான் ஓடத் தயாராக இருந்தேன்.

ஓட முடியவில்லை. பனிக்குள் ஒரு சிவப்புத் தணல், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் மிதந்து வந்தது. அதற்குப் பின்னால் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம். அது இயந்திரத்தின் அருகில் மண்டியிட்டது. புகை குபுகுபுவென்று எழுந்தது. பிறகு அது பேசியது.

"அப்பா... இன்னும் மூச்சு வாங்குதா அப்பா? ஒங்க போறணையத்தான் அணைச்சுட்டேனே. இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க."

புகை என் மூக்கில் ஏறியது. சாம்பிராணி. அடக்கினேன், அடக்கினேன், கல்லறைத் தோட்டமே அதிரும்படி தும்மினேன். தும்மிய வேகத்தில் எழுந்து, வயரில் கால் தடுக்கி, அதைப் பிடுங்கிக்கொண்டு குப்புற விழுந்தேன்.

மூச்சு நின்றது.

"ஐயோ அப்பா!" என்று உருவம் அலறியது.

"மாமா!" என்று நான் அலறினேன். மரியதாஸை நான் முதல் முறையாக மாமா என்று கூப்பிட்டது அதுதான். பதிலுக்குச் சாம்பிராணிச் சட்டி பறந்து வந்தது. இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு அதனுடையது.

டோர்ச் வெளிச்சத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். போறணையைக் கூட்டித் துப்புரவாக்கிய சுண்ணாம்புத் தூளோடு அப்படியே வந்திருக்கிறார். நான் வயரைக் காட்டினேன். மோட்டாரைக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன்.

அவர் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப இவ்வளவு நாளா நான் ஒங்க மெஷினுக்கா தூபம் போட்டேன்?" என்றார்.

"ஆமா மாமா. மெஷின் அதத்தான் அளந்துச்சு."

"நான் சாம்பிராணி போடப் போட என் போறணைக்குத்தான் பூட்டு வருது?"

"ஆமா மாமா."

"நல்ல மாப்பிள்ளை."

பாசியைக் கையால் துடைத்தார். சவரிமுத்து என்று பெயர் தெரிந்தது. போறணையைக் கட்டியவர். அவருடைய அப்பா.

சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். "அந்த வயர திரும்ப மாட்டுங்க தம்பி" என்றார். மாட்டினேன். ஹ்ஹ்... ஹா. தொப்பியைக் கழற்றும் மனிதனைப் போலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசி ரெண்டு வருஷம் இதே சத்தந்தான். அவரு நெஞ்சு பூரா சுண்ணாம்பு. அடுத்த அறையில நான் காதப் பொத்திக்கிட்டுப் படுத்திருப்பேன்."

அறிக்கையை வெள்ளிக்கிழமையே கொடுத்தேன். "மாலைப் புகைக்குக் காரணம்" என்ற இடத்தில், உண்மையை உள்ளபடி, "சாம்பிராணி" என்று எழுதினேன். தட்டச்சு செய்த அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சேர், இதுல பொருளப் போட்டிருக்கீங்களா, ஆளப் போட்டிருக்கீங்களா? ஆள்னா கீழ கையெழுத்து இருக்கு, மேல தேவையில்ல."

பாடசாலைக் கூரையில் வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். சாம்பிராணியைக் கழித்த பிறகும் போறணையின் சொந்தப் புகை ஒன்றும் குறைவாக இல்லை. அதை நான் எழுதி முடிக்கும் முன்பே, யாரும் சொல்லாமல், மாமா புகைபோக்கியை உயர்த்திக் கட்டிவிட்டார். கல் உடைப்பவர்களின் வாய்க்குத் துணி கட்டவைத்து, தூள் பறக்காமல் தண்ணீரும் அடிக்கவைத்தார். அனுமதி தப்பியது. தையில் கல்யாணமும் நடந்தது. எல்லாப் படத்திலும் புருவத்துக்கு மேலே புதுத் தழும்போடு நிற்கிறேன்.

அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பூசையில் தூபம் எழும்போதெல்லாம் முன் வரிசையிலிருந்து மாமா திரும்பி, "ரீடிங் எவ்வளவு மாப்பிள்ளை?" என்று கண்ணால் கேட்பார்.

ஒன்றை மட்டும் நாங்கள் இருவரும் அறிக்கையில் சேர்க்கவில்லை. நான் வயரைப் பிடுங்கிய பிறகும் ஒரு மூச்சு வந்தது. ஒன்றே ஒன்று. சுழன்றுகொண்டிருந்த விசிறி அடங்கிய சத்தம் என்கிறேன் நான். மாமா சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்.

இப்போதும் மாலையில் கரண்ட் குறையும்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஹ்ஹ்... ஹா என்று இழுக்கும். "சவரிமுத்துப் பூட்டன் வந்துட்டாங்க!" என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் சிரித்தபடி எழுந்து போய், அதன் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். இதுவரை ஒவ்வொரு தடவையும் மாட்டித்தான் இருந்திருக்கிறது.

"மாட்டித்தான் இருக்கு" என்பாள் ஜெசிந்தா குசினியிலிருந்து. "சாம்பிராணி மாப்பிள்ளை, வந்து சாப்பிடுங்க."