காரணம் கேட்ட கியூசி அக்கா

கண்டி டவுனில் காசு கட்டி டொக்டரைப் பார்க்கும் சனல் சென்டர்கள் எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் நோயாளிகள்தான் டொக்டருக்குப் பயந்தார்கள். டொக்டர்மார் பயந்த ஒரே ஆள் எங்கள் கியூசி அக்கா. இத்தனைக்கும் அவருக்கு ஒரு தலைவலி கூட வந்து நான் பார்த்ததில்லை.

பல்லேகலயில் ஒரு கார்மென்ட்டில் அவர் கியூசி, அதாவது தைத்து வரும் சட்டைகளைத் தரம் பார்ப்பவர். நான் அங்கே ஒபிஸில் இருந்தேன். ஒரு சட்டையைப் பிரிக்கச் சொன்னால் ஏன் என்று அதிலேயே எழுதி ஒட்ட வேண்டும். அந்தப் பழக்கம் அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

அந்த நாட்களில் தலைப்பிள்ளை பெற்று, வெட்டுப்படாமல் வேலைக்குத் திரும்பியவளைக் கென்டீனில் அதிசயமாகப் பார்ப்பார்கள். மற்றவர்களிடம் ஏன் சிசேரியன் என்று கேட்டால், டொக்டர் சொன்னார் என்பதோடு சரி. அக்காவுக்கு இது பொறுக்கவில்லை.

"சட்டையப் பிரிக்கவே காரணம் எழுதுறேன். வயித்தப் பிரிக்கக் காரணம் வேணாமா?" என்றார். அன்றிலிருந்து மாசமான பிள்ளைகளோடு தானும் கிளம்பினார்.

சண்டை போடமாட்டார், சத்தம் போடமாட்டார். உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். கதிரை இல்லாவிட்டால் வெளியிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார். நர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார். காரணம் வந்தால்தான் அக்கா வெளியே வருவார்.

ஒருமுறை அக்கா நெருக்கிக் கேட்டதில் ஒரு டொக்டர், பிறகு வரும் கிழமை கொழும்பில் தன் தங்கை கல்யாணம், அதற்கு முன்னால் வெட்டிவிடலாம் என்று பார்த்ததாக உளறிவிட்டார். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க புள்ள ஏங்க முந்திக்கிட்டு வரணும்?" என்று அக்கா நல்ல சிங்களத்தில் கேட்டார். அந்தப் பிள்ளை கல்யாணமெல்லாம் முடிந்து, ஆறுதலாக, தானாகவே பிறந்தது.

வலிக்குப் பயந்து, ஒப்பரேஷன்தான் வேண்டும் என்று ஒருத்தி அழுதபோது வீட்டார் அவளை ஏசினார்கள். அவளுக்காகவும் அக்கா உட்கார்ந்தார். பயமும் ஒரு காரணம்தான் என்று சொல்லிவிட்டார்.

பிறகு என் முறை. எனக்கும் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்துவிட்டார்கள். காரணம் தெரியாமல் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அக்கா வந்து உட்கார்ந்தார். டொக்டர் பெருமூச்சு விட்டுப் படமே போட்டுக் காட்டினார். பிள்ளை தலையை மேலே வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. திரும்பாதா என்று அக்கா கேட்டார். பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். பொறுத்தும் திரும்பவில்லை.

"சரி, வெட்டுங்க" என்று அக்கா உத்தரவு கொடுத்தார். எனக்கு அன்று இரண்டு தட்டுச் சோறு இறங்கியது.

மகள் பிறந்ததும் ஹேவாஹெட்டயிலிருந்து மாமியார் வந்தார். எங்கள் பரம்பரையில் எல்லாரும் வலித்துத்தான் பெற்றோம், இவள் படுத்துக்கொண்டே பெற்றுவிட்டாள் என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என் மகளைத் தூக்கி, சட்டைக் காலரைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் திரும்பினார்.

"தையல் இவ வயித்துல இருக்கு. நாளைக்கு இவ எழும்பி நடக்கிறப்ப கூட நின்னு பாருங்க. அப்புறமா வலியப் பத்திப் பேசுவோம்."

மாமியார் தேத்தண்ணி வாங்கப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. அக்காவுக்கு எப்படிப் பிறந்தது என்று கேட்டேன்.

"எனக்கும் வெட்டுத்தான். ஏன்னு கேக்கல, தனியா இருந்தேன், பயம். இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு என் மகளின் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை பிறந்தபோது நான் பன்வில பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனாலும் அன்று அவரோடு உள்ளே போய் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.