கேசட் அண்ணாச்சிக்குக் கடல் ஆகாது

கன்னியாகுமரியில் இருந்துகொண்டே கடலைத் திட்டிய ஒரே மனிதர் கேசட் அண்ணாச்சிதான். மூன்று கடல் கூடுகிற இடம் என்று ஊர் ஊராக ஜனங்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு, "சவம், உப்பக் கொண்டு வந்து தட்டுகத பாரு" என்பார்.

2008 வாக்கில் எனக்கு அந்த ஊருக்கு மாற்றல். ஒரு லாட்ஜில் மாத வாடகைக்குத் தங்கினேன். அண்ணாச்சி அதன் மானேஜர். வரவேற்பு மேஜையை ஒரு பழைய குண்டு டி.வி. அடைத்துக்கொண்டிருக்கும். அதன் முன்னால் வீடியோ கேம் பெட்டி, கேசட் சொருகி ஆடுகிற பழைய ரகம். ஜப்பானில் யாரோ எந்தக் காலத்திலோ செய்த ஒரிஜினலை ஒருவன் காப்பியடிக்க, அந்தக் காப்பியை இன்னொருவன் காப்பியடித்த பெட்டி. அண்ணாச்சிக்கு அது குலதெய்வம்.

முதல் நாள், சூட்கேசும் கையுமாகப் போய் நின்றேன்.

"சார், ரூம்..."

"பேசாதீரும்வே. பாலத்துல நிக்கேன்."

திரையில் ஒரு குட்டி மனிதன் பாலத்தில் நின்றான்.

"ஆட்டத்த நிறுத்தி வைக்க பாஸ் பட்டன் இருக்குமே சார்?"

"பாஸ் போட்டா கைச்சூடு போயிரும். இது செல்போன் கேம் இல்ல, விட்ட எடத்துலேந்து தொடங்குகதுக்கு. செத்தா மொதல்லேந்து வரணுமாக்கும்."

என்னோடு பேசிய நேரத்தில் குட்டி மனிதன் செத்துப்போனான். "வந்த உடனே ஆளக் கொன்னுட்டீரே!" என்று சாவியை மேஜையில் எறிந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? அன்றே லாட்ஜ் முதலாளிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னேன். அப்புறம் அது என் தினசரிக் கடமையாகிவிட்டது.

புகாருக்கா பஞ்சம்? லாட்ஜ் வாசலில் 'அறையிலிருந்தே கடல் பார்க்கலாம்' என்று போர்டு. உள்ளே வந்தால் கடல் பக்கத்து ஜன்னல் ஒன்றும் திறக்காது. உப்புக்காற்று பட்டால் கேசட்டின் செம்புப் பல் பச்சை பிடிக்குமாம். மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், "கடல் எங்கே?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

"கடல் வெளியதான கெடக்கு? வெளிய போயி பாரும்" என்றார் அண்ணாச்சி.

செல்போனில் கேம் ஆடிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால் தொலைந்தார்கள். மறித்து நிறுத்தி, தன் கேம் ரிமோட்டில் இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் கூட்டல் குறி பட்டனைக் காட்டுவார். "இது யாருக்க புத்தி? இந்தப் பெட்டிக்காரனுக்கதாக்கும். ஒமக்க போன்ல கெடக்க பட்டனுக்கு இதாக்கும் தாத்தா. ஒரு கும்பிடு போட்டுட்டு ஆடும்." வட இந்தியப் பயணிகள் சிலர் ஏதோ ஸ்தல வழக்கம் என்று நினைத்துக் கும்பிட்டே விட்டார்கள்.

கரண்ட் போனால் கரண்ட் ஆபீசுக்குப் போன். "ஆஸ்பத்திரியான்னா கேக்கீரு? இல்லவே, ஆஸ்பத்திரி எதுக்கு? கடைசி ராட்சசன் முன்னால நிக்கேன், இப்பவா புடுங்குகது?"

ஒருமுறை என்னைச் சாட்சிக்கென்று நாகர்கோவிலுக்கு இழுத்துப் போனார். 'லட்சம் கேம்' என்று அட்டையில் போட்ட ஒரு கேசட் வாங்கியிருந்தார். உள்ளே இருந்தது பத்துப் பன்னிரண்டுதான். அதுவே பேரை மாற்றி மாற்றித் திரும்ப வந்தது.

"ஒரே ஆளு, டவுசர் கலர் மட்டும் வேற. மிச்ச கேம் எங்கவே?" என்று கடைக்காரரைப் பிடித்தார்.

"அது ஒரு பேச்சுக்குப் போடுகது அண்ணாச்சி."

"பேச்சுக்கா? அப்ப நானும் ரூவா தந்தேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டுப் போயிருக்கணும்!"

தெருவே கூடிவிட்டது. கடைக்காரர் இன்னொரு கேசட்டைக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அதிலும் அதே ஆள், பச்சை டவுசரில்.

இப்படிப்பட்டவரோடு சில வருஷம் காலம் தள்ளினேன். ஒருநாள் துபாயிலிருந்து முதலாளியின் மகன் வந்து இறங்கினான். வரவேற்பறைக்கு வெள்ளை பெயின்ட், சுவரில் தட்டை டி.வி. குண்டு டி.வி.யையும் பெட்டியையும் ஒயரோடு சுருட்டி வாசலில் வைத்தார்கள். அண்ணாச்சியிடம், "நீங்களும் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றான்.

மனிதர் கத்தவில்லை. வாசலில் குந்தி, சிக்கிக் கிடந்த ஒயரைப் பைய பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இவரை அனுப்புறீங்க?" என்று அவன் முன்னால் போய் நின்றேன்.

"சார், தினமும் போன் பண்ணி அவரைப்பத்திக் கம்ப்ளைன்ட் சொன்னதே நீங்கதானாமே?"

"நான் சொல்லுவேன். கூட இருந்து அனுபவிச்சவன் நான். நேத்து வந்த நீங்க யாரு சொல்ல?"

அவனுக்குப் புரியவில்லை. சொல்லி முடித்தபின் எனக்கே முழுசாகப் புரியவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, டி.வி.யை ஒரு பக்கம் நானும் பிடித்துப் பஸ் ஏறினேன். கடல் காற்று எட்டாத திற்பரப்பில் அவருடைய அக்கா வீடு. டி.வி.யைக் கீழே வைக்கச் சொன்ன கண்டக்டரோடு வழி நெடுகச் சண்டை போட்டதும் நான்தான். அண்ணாச்சி டி.வி.யை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அக்கா பாலில்லாத கட்டன்சாயா கொடுப்பதற்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். இரண்டாவது ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு ஆடத் தெரியாதே அண்ணாச்சி."

"தெரிஞ்சவனயா கூப்பிட்டேன்? புடியும்."

துப்பாக்கியோடு இரண்டு பேர் சேர்ந்து ஓடுகிற கேம். ஆளுக்கு மூன்று உயிர். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் என் மூன்றும் போய்விட்டது. ரிமோட்டைக் கீழே வைக்கப் போனேன்.

"வைக்காதீரும். அந்த பட்டன அமுக்கும், எனக்க உயிருல ஒண்ணு ஒமக்கு வரும்."

"வேண்டாம், உங்களுக்குக் குறைஞ்சிரும்."

"அமுக்கும்வே! தனியா ஆடுகதுக்கா ஒம்ம இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தேன்?"

அமுக்கினேன். திரையில் நான் எழுந்து நின்றேன். அந்த உயிரையும் முதல் பள்ளத்திலேயே விட்டேன்.

அதற்கு மட்டும் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை.