மின்னொளிச் சித்தரும் மூன்று நாள் ரீடிங்கும்

மின்னொளிச் சித்தர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த வாரம், எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளைவிட ஈ.பி. கார்டோடு வந்தவர்கள் அதிகம். மம்சாபுரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மில் முதலாளி ஒருவர் காரில் வந்தார், படித்தவர். அவர் விற்கும் செப்புத் தகட்டை மீட்டர்மேல் ஒட்டினால் கரண்ட் குறையுமாம். முதல் தகட்டை எங்கள் மேனேஜர் பாண்டிச்செல்வம் வாங்கினார்.

மூன்று கட்டடங்களிலும் மணிக்கொருதரம் மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. சாயங்காலம் ராஜபாளையத்தில் டிப்ளமோ வகுப்பு. வெளிநோயாளிகள் கட்டடம்தான் அதிகம் இழுத்தது: காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் 120 யூனிட்.

சித்தர் அந்த மீட்டர் அறையை முகர்ந்து பார்த்தார். "இதை யாரு கூட்டுறது?"

"இருளம்மாள் சாமி. புருசன் இல்லாதவ" என்றார் மேனேஜர்.

"அதான் மீட்டர் இந்த ஓட்டம் ஓடுது. அவளை நிறுத்திரு. தகடு மூச்சுவிடணும், அந்த மூணு மணி நேரம் ஏ.சி.யையும் அணைச்சிரு."

செவ்வாய்: தகடு உண்டு. இருளம்மாள் இல்லை. ஏ.சி. இல்லை. நோயாளிகள் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார். 71 யூனிட். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இருளம்மாளை வேலையைவிட்டே அனுப்புவதென்று முடிவானது.

நான் தப்பாகப் படித்தேனோ என்று மூன்று முறை பார்த்தேன். 71தான்.

புதன்: தகடு உண்டு. இருளம்மாள் இல்லை. மயங்கியவரைப் பார்த்த டாக்டரம்மா ஏ.சி.யை அணைக்க விடவில்லை. 119.

"அவ நிழல் ஜன்னல்ல விழுந்திருக்கும்" என்றார் சித்தர்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் என்மேல்தான். ஏ.சி.யை அணைக்க டாக்டரம்மாவிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன்.

வியாழன்: தகட்டைக் கழற்றினேன். நோயாளிகளைக் காற்றோட்டமான வராந்தாவில் உட்காரவைத்து ஏ.சி.யை அணைத்தோம். இருளம்மாளை வரவழைத்து மீட்டர் அறையைக் கூட்டச் சொன்னேன். ஒரு மணிக்குக் கூட்டத்தின் முன் ரீடிங் எடுத்தேன். 70.

"ஏலே ஜெபக்குமாரு, நல்லாப் பாருலே!" என்று கத்திய மேனேஜர் தானே குனிந்து பார்த்தார். 70தான்.

இருளம்மாள் துடைப்பத்தோடு முன்னால் வந்தார். "ரெண்டு தடவ கூட்டுனேன் சாமி. மூணாந்தடவ கூட்டுனா இன்னுங் கொறையுமா?"

"செத்த நேரத்துல வாரேன்" என்று சித்தர் காரில் ஏறினார். தளவாய்புரத்தில் தகட்டுக்குக் கூட்டம் காத்திருக்கிறதாம். இருளம்மாள் மறுநாளும் வேலைக்கு வந்தார். மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தளவாய்புரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தகடு வாங்குமுன் ஏ.சி. சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். யோசிக்க ஒரு யூனிட்கூட ஆகாது.