மில் நின்றால் விக்கெட்

எங்கள் நாட்டுத் துடுப்பாட்டக்காரர்களை உலகத்திலேயே அதிகத் தடவை ஆட்டமிழக்கச் செய்தவர் எந்த வெளிநாட்டுப் பந்துவீச்சாளரும் அல்ல. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், எங்கள் தெருவில் மிளகாய் மில் நடத்திய மாப்பேய்தான். அவர் பந்தைக் கையால் தொட்டதே இல்லை. ஒரு அணியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால், "வர்ற கூட்டத்தைப் பொறுத்தது" என்பார்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்பது மட்டும் தெரியும். உடம்பு முழுக்க அரிசிமா அப்பியிருக்க, மிளகாய்த் தூளில் சிவந்த இரண்டு கண்கள் மட்டும் உயிரோடு இருக்கும். மூட்டமான நாளில் அவர் வாசலுக்கு வந்து நின்றால், புதிதாக வந்தவர்கள் பையை வைத்துவிட்டு எட்ட நின்றுகொள்வார்கள். "அரைக்கணுமா, திரிக்கணுமா?" என்று அவர் மெல்லிய குரலில் கேட்கும்போது, நம்மைத்தான் அரைக்கக் கேட்கிறாரோ என்று தோன்றும்.

மில்லுக்குப் பக்கத்தில் என் போட்டோகொப்பிக் கடை. எதிரே ஹார்ட்வெயார் முதலாளியின் கடை. சிங்களவர், தமிழைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பேசுவார். மில் இருந்த அறையும் அவருடையதுதான். அவர் கடையிலிருந்த தொலைக்காட்சிதான் எங்கள் தெருவின் மைதானம். புடைவைக் கடை வைத்திருந்த மடவளை ஊர் முஸ்லிம் பெரியவர் நானா, ஆட்டம் தொடங்கினால் முதல் கதிரையில் இருப்பார்.

ஒருநாள் பின்னேரம் எங்கள் ஆட்கள் நன்றாக அடித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கடகடவென்று ஓடிய மில் திடீரென்று நின்றது. பந்துவீச்சாளர் ஓடவே தொடங்கவில்லை. அந்த அமைதியில் எல்லோரும் ஏனோ திரும்பிப் பார்த்தோம். மறுபடி திரையைப் பார்த்தபோது ஸ்டம்ப் பறந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாம் தடவை மில் நின்றதும் நானா திரையைப் பார்க்காமலேயே, மரணச் செய்தி கேட்டவர்போல, "இன்னாலில்லாஹ்... முடிஞ்சி" என்றார். முடிந்துதான் போனது.

நான் போய்க் கேட்டேன். "ஏண்ணே நிப்பாட்டினீங்க?"

"கல்லு சூடேறிருச்சு தம்பி."

"அதெப்படி விக்கெட் விழுற நேரம் பார்த்துச் சூடேறுது?"

"அத கல்லுக்கிட்டத்தான் கேக்கணும்" என்றவர், நிஜமாகவே கல்லின் பக்கம் காதைச் சாய்த்தார். நானும் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, மயிர்க்கூச்செறிய வெளியே வந்தேன்.

மில் நிற்பதால் விக்கெட் விழுகிறதா, விழப்போவது தெரிந்து மில் நிற்கிறதா என்று தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மருந்து மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒன்றுதான்: மில்லை நிற்க விடக்கூடாது. ஆட்ட நாள்களில் ஆளாளுக்கு வீட்டிலிருந்து காய்ந்த செத்தல் மிளகாய் கொண்டுவந்தார்கள். மிளகாய் தீர்ந்தால் மல்லி, மல்லி தீர்ந்தால் அரிசி. கடைசி ஓவர்களைத் தும்மிக்கொண்டேதான் பார்த்தோம். "மத்தவங்களுக்கு கிரிக்கெட் பாத்தா மனசு எரியும், நம்ம வீட்லதான் வயிறு எரியுது" என்று என் மனைவி குழம்பை இறக்கி வைப்பாள்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தியாவோடு ஆட்டம் வரும்வரை.

இந்தியாவோடு ஆட்டம் என்றால் எனக்கு எப்போதும் ஒரு வேலை அதிகம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் ஆள் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நாலு தலைகள் திரையை விட்டுவிட்டு என் கைகளைப் பார்க்கும். எந்தக் காலத்திலோ என் பாட்டன் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததற்கு நான் கை சிவக்கத் தட்ட வேண்டும். தட்டுவேன். சந்தோஷத்தில்தான் தட்டுகிறேன் என்பதை நிரூபிக்க இன்னும் கொஞ்சம் தட்டுவேன். மாப்பேய் எதற்குமே தட்டியதில்லை.

அன்று காலை முதலாளி மில் வாசலில் போய் நின்றார். "இன்னைக்கி இந்தியா மேச். நீ இந்தியா ஆள் தானே. இன்னைக்கி மில் நின்னா, நாளைக்கி ரூம் காலி. வெளங்குதா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாரென்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அறைதான் மாப்பேய்க்கு வீடு, படுக்கை, பிழைப்பு எல்லாம். அவருடைய ஆட்கள் எல்லோரும் இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இப்போது நீலகிரிப் பக்கம் இருக்கிறார்கள். போக இவருக்கு வேறு இடம் கிடையாது.

முதலாளி போன பிறகு மாப்பேய் என்னிடம் சொன்னார்: "அங்க எங்கண்ணன சிலோன்காரன்னு கூப்பிடுறாங்க தம்பி. இங்க நான் இந்தியாக்காரன். பேர மாத்திக் குடுத்துட்டாங்க போல." சொல்லிவிட்டு மிளகாயைக் கொட்டினார்.

எங்கள் அணி இரண்டாவதாக ஆடியது. வெளியே மழை மூட்டம் இறங்கி, பொழுது சாயும் முன்பே தெரு இருட்டிக்கொண்டு வந்தது. இன்னும் சில ஓட்டங்கள்தான் வேண்டும். கைவசம் கடைசி விக்கெட். மில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கரண்ட் போனது. மின்வெட்டுக் காலம் அது. சொன்ன நேரத்துக்கு முன்பே வெட்டிவிட்டார்கள்.

திரை செத்தது. மில் ஓய்ந்தது. நானா தன் போனில் ஆட்டத்தைத் தேடினார்.

அந்த நேரத்தில்தான் அது கேட்டது. கட... கட... கட... தெருவில் ஒரு பல்ப்கூட எரியவில்லை, ஆனால் மில் ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இல்ல தானே?" என்றார் முதலாளி.

"இல்ல" என்றேன்.

"அப்போ அது என்னா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முன்னே தள்ளிக்கொண்டு போனோம். முதலாளி டோர்ச்சை அடித்தார். வெளிச்சத்தில் வெள்ளை முகமும் இரண்டு சிவப்புக் கண்களும் திரும்பின. "அம்மே!" என்று அலறி முதலாளி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பேய் மோட்டரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கல்லைச் சுழற்றும் பெரிய சில்லை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கை தோலுரிந்து, சில்லின் விளிம்பில் இரத்தம் பட்டிருந்தது.

"முதலாளி, அந்த மூட்டைய கொஞ்சம் கொட்டுங்க. வெறுங்கல்லு ஓடக் கூடாது."

"ஐயோ, கரண்ட் போனது உன் பிழை இல்ல. ரூம் காலி பண்ண வேணாம். நிப்பாட்டு!"

"ரூமு கெடக்குது முதலாளி. நிப்பாட்டுனா நம்ம ஆளு அவுட்டாயிருவான்."

"யாரு ஆடுறான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நம்ம ஆளுதானே."

முதலாளி டோர்ச்சை என் கையில் திணித்துவிட்டு, மாப்பேயைத் தோளால் ஒதுக்கிச் சில்லைப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியதும் நான் பிடித்தேன். நானா மிளகாயைக் கொட்டிக்கொண்டே, போனைப் பார்த்து, "சுத்துங்கோ, சுத்துங்கோ, இன்னம் நாலு ரன்தான் ஈக்கி!" என்று கத்தினார்.

வென்றோம். கூச்சல் போட வாயைத் திறந்தவர்கள் எல்லோரும் தும்மினோம். வெளியே வந்தபோது தெருவில் கூடியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அன்றைக்கு மில்லிலிருந்து நாலு மாப்பேய்கள் வந்தன. அதில் எது எந்தப் பக்கத்து ஆள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

போன வருஷம் மாப்பேய் தூக்கத்திலேயே போய்விட்டார். முதலாளி அந்த அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "ஆள் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பூட்டிய கதவுக்குப் பின்னால் மில் அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஆட்டம். மறுபடியும் கடைசி விக்கெட். எல்லோரும் வாயை மூடியிருந்தபோது, பூட்டிய மில்லுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டது. கட... கட... கட...

முதலாளி என்னைப் பார்த்தார். "எலியா இருக்கும்" என்றேன். நானா, "எலிதான்" என்றார். யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் போய் அது நின்றுவிட்டால்?

கொஞ்ச நேரத்தில் முதலாளி மட்டும் எழுந்தார். கடைக்குள் போய், ஆட்ட நாளுக்கென்று வைத்திருந்த ஒரு பை செத்தல் மிளகாய் எடுத்துவந்து, மில் கதவடியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

வெறுங்கல் ஓடக் கூடாதல்லவா.