எலி தின்ற ஓர்மை மாத்திரை

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜ் மாடியில், தொண்ணூற்றெட்டாம் வருஷம் மழை விட்டது முதல் ஒரே கூட்டம். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள், சாவியை வைத்த இடம் மறந்த குமாஸ்தாக்கள், மருமகள் பெயரை மட்டும் மறந்த மாமியார்கள் என்று எல்லாரும் படிக்கட்டில் நின்றார்கள். மேலே டாக்டர் பிரவின்ராஜ் ஓர்மை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஓர்மை என்றால் அந்தப் பக்கத்தில் ஞாபகம்.

மாத்திரை லேசுப்பட்டதல்ல. அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அதைத் தின்ற எலிகள், வளைந்து வளைந்து போகும் பாதையைக்கூட மறக்கவில்லையாம். மனிதர்கள் ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தெளிவாகவில்லை என்று நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நம் ஜனங்கள் பெரிய மனசுக்காரர்கள். பொடி எழுத்தைப் பொருட்படுத்துவதில்லை.

அதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுமென்றால் டாக்டரே இருந்தார். தினமும் மாத்திரை தின்பவர். ஒருமுறை வந்தவரை மறுமுறை பார்த்ததுமே வீட்டுக் கஷ்டம் முழுவதையும் புட்டுப் புட்டு வைப்பார்.

எலிசாள் விழுந்தது அதில்தான். அவள் புருஷன் சத்தியதாஸ் கொத்தனார். கொஞ்ச நாளாக அவருக்குப் பேச்சின் நடுவே பெயர்கள் மறந்துபோயின. போன மாதம் டாக்டர் மாத்திரையோடு ஒரு கட்டளையும் கொடுத்தார்: சர்க்கரை வியாதிக்குத் தின்னும் மாத்திரையை நிறுத்த வேண்டும், இரண்டும் வயிற்றுக்குள் சண்டை போடும். நிறுத்தினாள். மறதி குறையவில்லை. நேற்று, கழக்கூட்டம் என்ற ஊரில் வேலைக்குப் போய்க் கட்டடச் சாரம் ஏறப்போன மனுஷன் தலைசுற்றி விழுந்தார். இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால் ஆளே இல்லை. உடனே எலிசாளுக்குப் புத்தி வந்தது: ஓர்மை மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும்!

பக்கத்து வீட்டு நாச்சியாரும் கூடவே வந்தாள். போன மாதமும் வந்தவள்தான்.

"சுகர் மாத்திரய முதல்ல குடு, பிள்ள," என்றாள்.

"டாக்டருக்கு எல்லாரையும் ஓர்மையிருக்கு, பாத்தீங்கல்லாக்கா? அப்படிப்பட்டவரு வஞ்சிப்பாரா?"

படிக்கட்டில் கௌசல்யா என்ற பெண் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொருவர் துக்கத்தையும் உருகி உருகி விசாரித்துக்கொண்டிருந்தாள். நாச்சியார் அவளைக் கண்ணால் காட்டினாள். "நல்லா விசாரிக்கட்டும். கேட்ட ஒடனே பக்கத்துக் கதவு வழியா எதுக்கு உள்ள போறா? 'மவன் பத்தாம் கிளாஸ் தோத்துட்டான்னு போன மாசம் வந்து அழுதேன்'னு அவகிட்ட ஒரு பொய் சொல்லிப் பாரு. டாக்டருக்கு ஓர்மையிருந்தா உன் கள்ளத்தப் பிடிச்சிருவாரு. நானும் வாய மூடிக்கிடுதேன். இல்லன்னா இன்னைக்கே தாஸுக்கு சுகர் மாத்திர."

பிள்ளையே இல்லாத எலிசாள் கர்த்தரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கௌசல்யா 'அச்சோ' என்று உருகினாள். பிறகு பக்கத்துக் கதவுக்குப் போனாள்.

கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் டாக்டர் முகம் மலர்ந்தார். "வாங்கம்மா. மகன் பத்தாம் கிளாஸ் தோத்துட்டான்னு போன மாசம் வந்து அழுதீங்க. அந்தக் கண்ணீர் இன்னும் எனக்கு ஓர்மையிருக்கு."

கூட்டம் சிலிர்த்தது. எலிசாள் மட்டும் ஓரடி முன்னால் வந்தாள்.

"டாக்டரே, எனக்கு மவனே கிடையாது. நான் அழுதது புருஷனுக்காக. அவரு சுகர் மாத்திரய நிறுத்தச் சொன்னது நீங்க."

"ஆமாமா, புருஷன்..."

"அவரு பேரு என்ன?" என்றாள் நாச்சியார். "வேணும்னா ரெண்டு மாத்திர தின்னுட்டுச் சொல்லுங்க."

டாக்டர் விட்டத்தைப் பார்த்தார். அங்கே பெயர் எழுதியிருக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். அப்புறம் மாத்திரை இல்லாமலே ஜனங்களுக்கு ஓர்மை திரும்பியது. படிக்கட்டில் கௌசல்யாவிடம் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொருவரும் யோசித்து முடிப்பதற்குள் டாக்டரைக் காணவில்லை. பக்கத்துக் கதவுக்குப் போகும் பாதையை அவர் மறக்கவில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் மதிலுக்கு மேலாக, "தாஸு, சுகர் மாத்திர எடுத்தாச்சா?" என்று நாச்சியாரின் குரல் வரும். மறதிக்காரருக்குக் கடவுள் அனுப்பிய ஓர்மை அந்தக் குரல்தான். நோட்டீஸ் அடித்து அவர் அனுப்புவதில்லை.

எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்குமென்று வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலிகூடப் பொறியை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும்.