வெள்ளையன் மேல் நான் கொடுத்த மனு

ஒருவர் மேல் புகார் எழுதுவதற்கு முன்னால் அவரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. (பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். அதிலும் ஒலி பற்றிய பாடத்தில் புலி என்று நினைப்பு.)

நாகலூரில் வாடகை வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் யாரோடும் பேச்சுவார்த்தை கிடையாது. மதியம் மூடுபனி இறங்கினால் ஜன்னலுக்கு வெளியே ரோடு, மரம், எஸ்டேட் எதுவும் இருக்காது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல் கிளம்பும். "ஏய்... யாருடா அது... எறங்குடா கீழ..." பிறகு ஓர் இருமல். கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நான் பதறி எழுந்து நிற்பேன். சில நாள் அந்தக் குரல் இழுத்து இழுத்து, கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்கும்.

வகுப்பு நேரத்தில் மைக் வழியாக இதைக் கேட்டு, நான்தான் பிள்ளைகளை 'டா' போட்டு மிரட்டுகிறேன் என்று பெற்றோர்கள் நிர்வாகத்துக்கு எழுதிவிட்டார்கள். சத்தம் நிற்காவிட்டால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கை வந்தது. அன்றே பக்கத்து வீட்டு கேட்டில் இருந்த பெயரைப் பார்த்து மனு எழுதி, ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன்.

செயலர் மனுவைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, வெள்ளையனா சத்தம் போடறாரு?"

"காலையில்கூடப் போட்டாருங்க."

"அவரு செத்து ஒரு வருசம் ஆச்சுங்களே."

மனுவில் நான் எழுதியிருந்த பெயரை எட்டி மறுபடியும் படித்தேன். செயலர் சாவகாசமாக மனுவில் முத்திரை குத்தினார். "எதுக்கும் நேர்ல வந்து காதால கேக்கோணுங்க. கேக்காம நோட்டீஸ் குடுக்க முடியாது." (செத்தவர் சார்பில் நோட்டீஸை யார் வாங்குவார் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.)

மறுநாள் மதியம் அவரும் வார்டு உறுப்பினர் அம்மாவும் வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தோட்டத்து ஆரஞ்சு மரத்தடியில் மூவரும் நின்றோம். பனி வந்து மூடியதில் அவர்கள் இரண்டு பேரும் காணாமல் போனார்கள். என் தலைக்கு நேர் மேலே, கிளைக்குள்ளிருந்து, "ஏய்... யாருடா அது..."

அப்புறம் நடந்ததைச் செயலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சேற்றில் விழுந்து, மரத்தைக் கட்டிக்கொண்டு, "அய்யா! தெரியாம எழுதிட்டேன்! மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்! விட்டுருங்கய்யா!" என்று அலறினேனாம். அந்த மனுஷர் அதைச் செல்போனில் பதிவு செய்திருக்கிறார். (விசாரணை என்றால் ஆதாரம் வேண்டுமாம்.)

அலறல் கேட்டு வெள்ளையனின் மனைவி பாப்பாத்தியம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். கிளைக்குள் கையை விட்டு ஒரு சின்ன ஒலிபெருக்கியை எடுத்துக் காட்டினார். பழத்துக்கு வரும் குரங்கை விரட்ட, வெள்ளையன் தன் குரலையே பதிவு செய்து மாட்டிவிட்டுப் போனது. பேட்டரி தீரத் தீரக் குரல் இழுக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியுமாம், செயலர் உட்பட.

"இனிமே இதை நிறுத்திருங்கம்மா" என்றார் உறுப்பினர்.

பாப்பாத்தியம்மா அதை மாரோடு அணைத்துக்கொண்டார். "அவரு குரலு இதுல மட்டுந்தானுங்க இருக்குது. நிறுத்துனா ஊடு கம்முனு ஆயிருதுங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சேற்றைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

செயலர்தான் வழி சொன்னார். வெள்ளையன் வீட்டுக்குள் இருக்கட்டும், மரத்துக்கு வேறொரு குரல் போட்டுக்கொள்ளலாம். வேறொரு குரல் அவருடைய செல்போனிலேயே தயாராக இருந்தது.

இன்றைக்கும் அந்த ஆரஞ்சு மரத்திலிருந்து அலறிக்கொண்டிருப்பது நான்தான். குரங்குகள் கிட்டவே வருவதில்லை. வகுப்பு நேரத்தில் மட்டும் பாப்பாத்தியம்மா தவறாமல் அணைத்துவிடுவார். "உங்க குரலை நிறுத்தறதுக்கு ஒண்ணும் சங்கடமா இல்ல சாமி" என்றார். வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் என் மனைவி, "அதான் மரத்துல கத்தறீங்களே, போதாதா?" என்பாள்.

போன வாரம் ஒரு மதியம் கறிவேப்பிலை கேட்க பாப்பாத்தியம்மா வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். பனி கதவு வரைக்கும் வந்திருந்தது. உள்ளே மெல்லிய சத்தத்தில், "ஏய்... எறங்குடா கீழ..." என்று கேட்டது. பிறகு அந்த இருமல்.

"இருமாதீங்க. சுடுதண்ணி வெச்சிருக்கறேன், குடிங்க" என்றார் பாப்பாத்தியம்மா.

அடுத்து டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. நான் கறிவேப்பிலை கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.