தண்ணீருக்குத் தனிக் காசு

வாடகை வேறு, தண்ணீர் வேறு! 2003 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படி முடிவெடுத்தேன். விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் ஆயிரம் டிகிரி சூளைக்கு முன்னால் நிற்கிறவன் நான். மாடியில் குடியிருக்கும் பர்வீனிடம் மாசம் நூறு ரூபாய் கேட்க முடியாதா?

"மோட்டருக்கு கரண்டு பில்லு நாந்தான கட்டறேன்? தண்ணிக்கு காசு வாங்கியே ஆவணும்" என்றேன் ராஜாம்பாளிடம்.

என் மனைவி எதிர்த்துப் பேசியிருந்தால் ஒருவேளை ஜெயித்திருப்பேன். அவள் தலையாட்டினாள்.

"நியாயந்தாங்க. ஆனா யாரு எவ்ளோ புடிக்கிறாங்கன்னு தெரியாம எப்படி கேக்கறது?"

"அத எப்படி தெரிஞ்சிக்கிறது?"

"ஞாயித்துக்கெழம மோட்டரு வேணாம். கொல்லையில அடிபம்பு இருக்குதுல்ல? நீங்களே அடிச்சி ரெண்டு வூட்டுக்கும் கொடத்துல கொண்டு போயி ஊத்துங்க. கணக்கு பிசகாது."

"நானா?"

"உங்கள மாதிரி எண்றதுக்கு கம்பெனியிலயே ஆளு கெடயாதுங்களே!"

உருகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாடிக்கு இருபது படி. இடுப்பில் கைக்குழந்தையோடு பர்வீன் கதவைத் திறந்தாள்.

"ஐயோ, நீங்களா தூக்கிட்டு வரீங்க! உங்க மனசு யாருக்குண்ணே வரும்?"

நூறு ரூபாய் கேட்கப்போகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று குழம்பினேன்.

மத்தியானத்துக்குள் மாடிக்கு ஏழு குடம். போதும் என்றுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு இருபத்து மூன்று! அதில் என் குளியலுக்கு ஆறு, என் வண்டி கழுவ எட்டு. இடுப்பு கழன்று தனியாக உட்கார்ந்திருந்தது.

"இப்ப சொல்லுங்க, தண்ணிக்கு யாரு கட்டணும்?"

"வூட்டு சொந்தக்காரன் நாந்தான். தண்ணிக்கு காசு வேணாம்னு போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."

"அத வெள்ளிக்கெழமயே சொல்லிட்டேங்க. துபாய் போன அவ வூட்டுக்காரருக்கு மொத சம்பளமே இன்னும் வரல. அதனால தண்ணிக்கு காசு வேணாம்னு நீங்க சொன்னதா சொன்னேன். பாவம், கண்ணு கலங்கிட்டா."

என்ன மூளை! கம்பெனியை இவள் கையில் கொடுத்தால் ஜப்பானுக்கே கப்பு விற்பாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"அப்ப இந்த முப்பது கொடம் எதுக்குடி?"

ராஜாம்பாள் தைல பாட்டிலைத் திறந்தாள்.

"நீங்க சொன்னதா சொல்லிட்டேன். அப்புறம் அது பொய்யாவக் கூடாதுல்ல?"